மஞ்சள் சொக்ஸ் போட்ட வேலைக்காரன்

ஜப்பானில் கியோகென் என்று ஒரு பகிடி நாடகம் இருக்கிறது. அதில் மேடைக்கு வருகிற முதல் ஆள் சபையைப் பார்த்து நேராக நின்று, தான் யார் என்று சொல்லிவிட்டுத்தான் மற்ற வேலை பார்ப்பான். பெயர் சொல்ல மாட்டான். "நான் இந்தப் பக்கத்தில் இருக்கிற ஆள்" என்பான். அவ்வளவுதான். எந்தப் பக்கம், எந்த ஒழுங்கை, யாருடைய மகன் என்று ஒருவரும் கேட்பதில்லை. கொழும்பில், எங்கள் வெள்ளவத்தையில் அப்படிச் சொல்லிப் பாருங்கள். ஊரில் எந்தக் கோயிலடி, அந்தக் கோயிலுக்கு மேற்கா கிழக்கா என்று தொடங்கி, உங்கள் பேரனார் போட்ட காணி வழக்கு வரைக்கும் போகாமல் விட மாட்டார்கள்.

நானும் அப்படியே தொடங்குகிறேன். நான் இந்தப் பக்கத்தில் இருக்கிற ஆள். கோட்டையில் ஒரு கப்பல் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, இப்போது ஐந்தாம் மாடியில் மனைவியோடு இருக்கிறேன். எனக்குக் கோபம் கொஞ்சம் கூடுதல். லிஃப்ட் வேலை செய்யாத நாட்களில் இன்னும் கொஞ்சம் கூடுதல். ஆனால் நான் சொல்லப் போகிற சண்டையில் என் பக்கம் நியாயம் இருந்தது என்றுதான் ஆறு வருடமாக நம்பிக்கொண்டிருந்தேன்.

சண்டை என் சகலனோடு. அதாவது என் மனைவியின் அக்காவைக் கட்டியவர். கொட்டாஞ்சேனையில் இருந்தார். என்னைவிட நாலு வயது மூத்தவர், அரை அடி உயரமானவர், அந்த அரை அடியையும் சும்மா விடாமல் பாவிக்கிற மனிதர். எங்கள் சண்டை ஒரு கட்டைவிரலால் வந்தது.

மகளின் கலியாணக் கார்ட் அடித்து வந்த அன்று, மாப்பிள்ளை அதையே பாட்டு ஒலிக்கப் பூ விழுகிற மாதிரி ஒரு வீடியோவாகச் செய்து எனக்கு அனுப்பியிருந்தார். பார்த்துப் பூரித்துப்போய் அதைக் குடும்ப வட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டேன். எங்கள் ஆட்களிடம் கலியாணம் என்றால் தாயும் தகப்பனுமாக வீட்டுக்கு வீடு போய், தட்டத்தில் வெற்றிலை பாக்கு வாழைப்பழத்தோடு கார்ட்டை வைத்து வாயால் சொல்ல வேண்டும். அதுவும் மூத்த சகலன் என்றால் முதல் ஆளாகச் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை போவதாகத்தான் இருந்தோம். அதற்குள் குழுவில் அவரிடமிருந்து ஒரு கட்டைவிரல் வந்தது. மஞ்சள் நிறத்தில் நிமிர்ந்து நிற்குமே, அந்த விரல். சரி, மனிதர் ஏற்றுக்கொண்டுவிட்டார் என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை நல்ல மழை. கொட்டாஞ்சேனைக்குப் போக ஒரு மணித்தியாலம், வர ஒன்றரை. போகவில்லை.

கலியாணத்துக்கு வந்தார். பட்டு வேட்டி சால்வையோடு முன் வரிசையில் இருந்தார். அறுகரிசி போட்டு வாழ்த்தினார், படமும் எடுத்தார். சாப்பிடக் கூப்பிட்டபோது, "நான் வீட்டில சாப்பிட்டிட்டுத்தான் வந்தனான்" என்று மண்டபம் முழுக்கக் கேட்கச் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். ஒரு சோடா கூடக் குடிக்கவில்லை. பெண்ணின் பெரியப்பா கை நனைக்காமல் போகிறார் என்று சம்பந்தி வீட்டார் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் என் கன்னத்தில் அறைந்திருந்தால் ஒரு கிழமையில் மறந்திருப்பேன். இதை மறக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு நான் அவர் வாசல் மிதிக்கவில்லை, அவர் என் வாசல் மிதிக்கவில்லை. அக்காவும் தங்கச்சியும் கள்ளக் காதலர்கள் மாதிரி கோயிலிலும் சீலைக் கடையிலும் சந்தித்துக்கொண்டார்கள்.

போன வருடம் அவர்களுக்குக் கனடா சரிவந்தது. மகன் கூப்பிட்டிருந்தான். போனால் போனதுதான், இனித் திரும்புகிற எண்ணம் இல்லை. அன்று என் மனைவி சோற்றைப் போட்டுவிட்டு எனக்கு முன்னால் இருந்து சொன்னாள்.

"அக்கா போறதுக்கு முதல் ஒரு நேரம் எங்கட மேசையில இருந்து சாப்பிட வேணும். அத்தானும் இருக்க வேணும். வேற ஒண்டும் நான் கேக்கேல்லை."

"அவர் வந்து மன்னிப்புக் கேட்டால் சாப்பாடு என்ன, விருந்தே வைப்பம்" என்றேன்.

அதே நேரம் கொட்டாஞ்சேனையிலும் அதே வசனம் சொல்லப்பட்டது என்று பிறகு அறிந்தேன்.

இனி ஜப்பான். மகளுக்கு அங்கே வேலை, பேத்தியும் அங்கேதான் பிறந்தாள். பிள்ளை ஜப்பான் பாஷையில் அழுகிறாள், என்ன கேட்கிறாள் என்றாவது விளங்க வேண்டாமா என்று என் மனைவி பாமன்கடையில் ஒரு ஜப்பானியப் பெண் நடத்துகிற வகுப்பில் சேர்ந்திருந்தாள். எல்லாரும் அந்தப் பெண்ணை சென்செய் என்பார்கள், டீச்சர் என்று பொருள். முப்பத்தைந்து வயதிருக்கும். சிங்களம் நன்றாகப் பேசுவார். தமிழில் "தண்ணி", "சரி", "சும்மா" மூன்றும் தெரியும். அதை வைத்துக்கொண்டே வெள்ளவத்தையில் காலம் தள்ளலாம் என்று கண்டுபிடித்திருந்தார். கொஞ்ச நாளில் அக்காவும் அதே வகுப்பில் சேர்ந்தாள். கனடா போகிற மனுசிக்கு ஜப்பான் பாஷை என்னத்துக்கு என்று நான் அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

வருட முடிவில் வகுப்பு ஒரு விழா வைக்கும். அந்த முறை சென்செய் கியோகென் போட ஆசைப்பட்டார். நடிக்க இருந்த பையன்களுக்கு ஒத்திகை தொடங்க விசா வந்துவிட்டது. வேறு இருவரைப் பிடித்தார், அவர்களுக்கும் வந்தது. அந்த நாடகத்தில் சேர்ந்தால் விசா வரும் என்று ஒரு பேச்சுக் கிளம்பி, மூன்றாவது முறை நடிக்க வந்தவர்களுக்கு நடிப்பில் கவனமே இல்லையாம். கடைசியில் எங்கேயும் போகாத கிழவர்கள்தான் வேண்டும் என்று முடிவாகியது.

"நடக்கிறதும் இருக்கிறதும்தான் வேலை" என்று மனைவி என்னை எங்கள் கட்டடத்தின் மேல் தட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில், காயப்போட்ட பெட்ஷீட்டுகளுக்கு நடுவில், என் சகலன் நின்றார். அவருக்கும் அதையேதான் சொல்லியிருக்கிறார்கள். இறங்கிப் போகலாம் என்று திரும்பினால் லிஃப்ட் வேலை செய்யவில்லை. முழங்கால் வலியோடு மாடிப்படி இறங்குவதா, இவரோடு நாடகம் நடிப்பதா என்று யோசித்தேன். முழங்கால் வென்றது.

சென்செய் விளக்கினார். ஜப்பானில் நோ என்று மிகவும் கனமான ஒரு நாடகம் உண்டு. முகமூடி, ஆவி, செத்த வீரன், ஆறாத துக்கம். ஒரு அடி எடுத்து வைக்க அவ்வளவு நேரம் எடுப்பார்கள். இரண்டு நோ நாடகத்துக்கு நடுவில் சனம் மூச்சு விடுவதற்காக வருவது கியோகென். அதில் ஆவியும் இல்லை அரசனும் இல்லை. ஒரு எசமான், ஒரு பொய் சொல்லுகிற வேலைக்காரன், பெண்சாதிக்குப் பயந்த புருசன், குடிகாரச் சாமியார், இப்படியான ஆட்கள். பெரிய பிரபுக்கள் முன்னாலிருந்து, வேலைக்காரன் எசமானை ஏமாற்றுவதைப் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள். இன்றைக்கும் துக்கத்தையும் பகிடியையும் ஒரே மேடையில், ஒரே நாளில்தான் வைக்கிறார்களாம். நம்முடைய செத்த வீடும் அப்படித்தான், உள்ளே அழுவார்கள், வெளியே கதிரை போட்டுப் பகிடி விடுவார்கள் என்று நான் சொன்னேன். சென்செய் அதைக் கொப்பியில் எழுதிக்கொண்டார்.

கதை பார்க்கிற ஆட்களின் பாஷையில் இருக்க வேண்டும் என்பது அவர் பிடிவாதம். பழைய கதை ஒன்றும் வேண்டாம், முறையை மட்டும் வைத்துக்கொண்டு புதிதாக எழுதுங்கள் என்று வகுப்பிடம் விட்டிருந்தார். எழுதியது அக்காவும் தங்கச்சியும். எசமான் ஒரு விருந்துக்குச் சொல்லிவிட்டு வரும்படி வேலைக்காரனைத் தமையன் வீட்டுக்கு அனுப்புகிறார். வேலைக்காரன் வழியில் மர நிழலில் நித்திரை கொண்டுவிட்டு, "சொல்லிப்போட்டன் ஐயா, வெகு சந்தோசம் எண்டார்" என்று பொய் சொல்கிறான். விருந்து நாள் வருகிறது, தமையன் வரவில்லை. வாசித்து முடித்தபோது என் காது சூடாகிவிட்டது. நிமிர்ந்து மனைவியைப் பார்த்தேன். அவள் பெட்ஷீட் மடித்துக்கொண்டிருந்தாள்.

உயரமானவர் எசமான் என்று சென்செய் ஒரே பார்வையில் தீர்த்தார். நான் வேலைக்காரன்.

மேடையில் எங்களுக்குக் கதைக்க வசனம் இருந்தது. மேடைக்கு வெளியே இல்லை. ஆகவே சகலன் சென்செய்யிடம் சிங்களத்தில், "எயாட்ட கியன்ன" என்று தொடங்குவார், அவரிடம் சொல்லுங்கள் என்று. நேரத்துக்கு வரச் சொல்லுங்கள். சென்செய் என் பக்கம் திரும்பி அதையே சிங்களத்தில், ஜப்பான் இராகத்தில், ஆறுதலாகச் சொல்லுவார். நானும் சிங்களத்தில் பதில் சொல்லுவேன். சென்செய் அதை அந்தப் பக்கம் கொண்டுபோவார். இரண்டு யாழ்ப்பாணத்தார் இரண்டு முழ இடைவெளியில் நின்று, ஒரு ஜப்பான்காரி மூலம், சிங்களத்தில் சண்டை பிடித்தோம். ஒரு கிழமைக்குப் பிறகு சென்செய் எங்கள் பதில்களைக் கொஞ்சம் மரியாதைப்படுத்திக் கொண்டுபோகத் தொடங்கிவிட்டார். நான் "மடையன்" என்று சொன்னது அங்கே "அவருக்கு வேறு அபிப்பிராயம்" என்று போய்ச் சேர்ந்தது.

கியோகெனில் கதவு கிடையாது, கதவின் சத்தத்தை நடிகனே வாயால் செய்ய வேண்டும். வெள்ளவத்தைக் கதவு என்ன சத்தம் போடும் என்று சென்செய் கேட்டதற்கு எங்களுக்குள் இரண்டு நாள் தர்க்கம் நடந்தது. ஊருக்குப் போவதும் சுலபம். மேடையை ஒரு சுற்றுச் சுற்றி, "கதைச்சுக்கொண்டு வந்ததில இந்தா வந்து சேர்ந்திட்டன்" என்றால் போதும், தூர தேசம் வந்துவிடும். கொட்டாஞ்சேனைக்கு அப்படி ஒரு சுற்றில் போக முடிந்திருந்தால் நான் அந்த ஞாயிற்றுக்கிழமை போயிருப்பேன். பொய் சொல்லக் கூடாது, அப்போதும் மழை என்றிருப்பேன்.

கைக்கு ஒரு விசிறி, காலுக்கு மஞ்சள் சொக்ஸ். கியோகென்காரனின் அடையாளம் அதுவாம். புறக்கோட்டையில் தேடியபோது பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிக்கு மஞ்சள் இல்லத்துப் பிள்ளைகள் போடுகிற நீளச் சொக்ஸ்தான் கிடைத்தது. முழங்கால் வரைக்கும் வந்தது. என் வாதக் காலுக்கு இதமாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

பிறகு சிரிப்பு. முதலில் குனிந்து வயிற்றிலிருந்து ஒரு நீண்ட "ஹா". நிமிர்ந்துகொண்டே அடுத்தது, அதைவிடக் குறுகியது அடுத்தது, கடைசியில் தகரத்தில் மழை விழுகிற மாதிரிப் படபடவென்று. "எனக்குச் சிரிப்பு வரவில்லையே" என்றேன். வரத் தேவையில்லை என்றார் சென்செய். மனதில் ஒன்றும் இருக்க வேண்டியதில்லை. உடம்பு முறையாகச் செய்தால் போதும், மற்றது பார்க்கிறவனுக்கு வரும். கப்பல் கந்தோரில் பெரியவருடைய பகிடிக்கு நான் அத்தனை வருடம் செய்தது இதைத்தான் என்று அப்போது விளங்கியது.

மூன்றாம் நாள் நாலாம் மாடியிலிருந்து கட்டடக் குழுவின் செயலாளர் ஏறி வந்தார். முஸ்லிம், பழைய கொழும்பு ஆள், துணி வியாபாரம்.

"என்ன சேர் இது? எங்கட ஊட்டுல பொம்புளைங்க பயந்து போயிட்டாங்க. யாருக்கோ புத்தி தடுமாறிட்டு எண்டு நெனச்சம்."

விசயத்தைச் சொன்னோம். நம்பவில்லை. இருந்து பார்த்தார். அடுத்த நாள் தன்னுடைய கதிரையையும் பிளேன்டீயையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். அதன் பிறகு தினமும் தீர்ப்பு வழங்குவார். "நேத்துச் சிரிச்சது நல்லம். இண்டைக்குக் கொஞ்சம் கொறவு."

எல்லாம் சரிவந்தது, முடிவு மட்டும் சரிவரவில்லை. கியோகென் பல நேரம் ஒரே மாதிரித்தான் முடியும். பொய் பிடிபட, வேலைக்காரன் "மன்னிச்சுக்கொள்ளுங்கோ, மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்று கத்திக்கொண்டு ஓடுவான். எசமான் "விடமாட்டன், விடமாட்டன்" என்று துரத்திக்கொண்டு போவார். இருவரும் அப்படியே மேடையை விட்டுப் போவார்கள், குரல் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும்.

அந்த வசனத்தை நான் சொல்ல மாட்டேன் என்றேன். ஜப்பான் பாஷையில் சொல்கிறேன் என்றேன். வெட்டிவிடுங்கள் என்றேன். ஆடத் தெரியாதவன் மேடை கோணல் என்றானாம் என்று மனைவி பெட்ஷீட்டுக்குப் பின்னாலிருந்து சொன்னாள். சென்செய் மிகப் பணிவாகத் தலை குனிந்தார், ஆனால் அசையவில்லை. "அது இல்லாவிட்டால் நாடகம் முடியாது. முடியாவிட்டால் நீங்கள் இரண்டு பேரும் மேடையிலேயே நிற்க வேண்டும்" என்றார். நாங்கள் ஆறு வருடமாக அப்படித்தான் நிற்கிறோம் என்பது எனக்கு உறைத்தது. ஆனாலும் கோபம் விடவில்லை. ஒத்திகை முழுவதும் அந்த வசனத்தைத் தண்ணீர்த் தாங்கியைப் பார்த்தே சொன்னேன். தாங்கியிடம் நான் கேட்ட மன்னிப்புக்கு அளவில்லை.

விழா அன்று வெள்ளவத்தை மண்டபம் நிறைந்திருந்தது. சகலன் முன்னுக்கு வந்து, நெஞ்சை நிமிர்த்தி, "நான் இந்தப் பக்கத்தில இருக்கிற ஆள்" என்றார். கனடாவுக்குப் போக இன்னும் பன்னிரண்டு நாள். நான் பின்னால் குந்தியிருந்தேன். சிரிப்பு நன்றாக வந்தது. செயலாளர் கை தட்டியதில் பக்கத்து ஆளின் கண்ணாடி விழுந்தது. பொய் பிடிபட்டது. நான் ஓட வேண்டும்.

ஜப்பான் மேடையில் ஓடிப் போவதற்கென்று ஒரு நீளமான பாலம் இருக்குமாம். எங்களுக்கு அது இல்லாததால், சனத்துக்கு நடுவால் ஓடி வாசலால் வெளியே போகும்படி சென்செய் சொல்லியிருந்தார். எங்கே நிற்க வேண்டும் என்று சொல்லவில்லை. "மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்று ஓடினேன். "விடமாட்டன்" என்று வந்தார். வாசல் தாண்டினேன். வந்தார். படி இறங்கினேன். வந்தார். அவர் முதலில் நிற்கட்டும் என்று நான் ஓடினேன், நான் நின்றால்தான் தான் நிற்பது என்று அவர் ஓடினார். ஒழுங்கையால் கடற்கரைப் பக்கம் இறங்கினோம். இரண்டு கிழவர்கள், மஞ்சள் சொக்ஸ், கையில் விசிறி. ஒருவன் மன்னிப்புக் கேட்கிறான், மற்றவன் மாட்டேன் என்கிறான். ஒரு ஓட்டோக்காரர் வேகத்தைக் குறைத்து எனக்குப் பக்கத்தில் வந்து, ஏறுங்கள், பொலிசுக்குக் கொண்டுபோய் விடுகிறேன் என்று சிங்களத்தில் சொன்னார். "நாட்டிய, நாட்டிய" என்றேன், நாடகம் என்று. அவர் நம்பாமல் பின்னால் வந்துகொண்டிருந்தார்.

மரைன் டிரைவைக் கடக்க வாகனங்கள் விடவில்லை. மதில் ஒன்றில் இருந்துவிட்டேன். அவரும் வந்து இருந்தார். மூச்சு வாங்கி முடியவில்லை, முறைப்படி என்னுடைய வசனம் இன்னும் ஒன்று இருந்தது. அதைச் சொன்னேன். தாங்கி இல்லாததால் அவரைப் பார்த்துச் சொன்னேன்.

"விடமாட்டன்" என்றார் அவர். பிறகு தமிழில், நேராக என்னிடம், "நீர் வந்து சொல்லேல்லை" என்றார்.

ஆயிரம் முறை மன்னிப்புக் கேட்டு ஓடி வந்த எனக்கு அந்த ஒரு பதில் சொல்லத்தான் கஷ்டமாக இருந்தது. "ஓம் அண்ணை" என்றேன். "வரேல்லை. நீங்கள் கட்டைவிரல் போட்டனீங்கள், சரியெண்டு நினைச்சிட்டன்."

"கோவத்திலதானே போட்டனான்."

"கோவத்துக்கு வேற படம் இருக்கண்ணை. சிவப்பு மூஞ்சை."

"எனக்கு உது ஒண்டுதான் போடத் தெரியும்."

அதற்குப் பிறகு நான் சிரித்தது கியோகென் சிரிப்பு இல்லை. அவரும் சிரித்தார், இருமல் வந்தது, முதுகைத் தடவிவிட்டேன். ஓட்டோக்காரர் எங்களை ஏற்றிக்கொண்டு மண்டபத்துக்குத் திரும்பினார். போகும்போது சகலன் வெளியே பார்த்துக்கொண்டு, "எண்டாலும் எனக்கு இன்னும் கலியாணம் சொல்லேல்லை" என்றார்.

அடுத்த நாள் காலையில் அலுமாரியைக் கிளறி ஒரு பழைய கார்ட்டை எடுத்தேன். நானும் மனைவியும் தட்டத்தில் வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம் வைத்துக்கொண்டு கொட்டாஞ்சேனைக்குப் போனோம். ஒரு மணித்தியாலமும் பத்து நிமிடமும் எடுத்தது. வீட்டில் கதிரைகள்கூட இல்லை, சூட்கேசுகளில் இருந்தோம். மகளுக்குக் கலியாணம் வைத்திருக்கிறோம், கட்டாயம் வர வேண்டும் என்று சொன்னேன். அவர் எழுந்து இரண்டு கையாலும் வாங்கினார். முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை, நல்ல நடிகன்.

"எப்ப கலியாணம்?"

"முடிஞ்சு ஆறு வருசம். பேத்தி நேசரிக்குப் போறாள்."

"வாறம்" என்றார்.

பறப்பதற்கு இரண்டு நாள் முதல் மத்தியானம், கீழேயிருந்து புதுக் காவலாளி போனில் அழைத்தான். யாரோ மனைவியோடு வந்திருக்கிறார், பெயர் எழுதச் சொன்னால் எழுதுகிறார் இல்லை, இந்தப் பக்கத்து ஆள் என்று மட்டும் சொல்கிறார், விடுவதா என்று கேட்டான். விடு என்றேன். நாட்டை விட்டுப் போகிற நேரத்தில் இந்தப் பக்கத்து ஆள் என்கிறார் பாருங்கள் என்று கவலையாக இருந்தது.

என் மனைவி மேசை நிரம்ப வைத்திருந்தாள். அக்காவும் தங்கச்சியும் ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம். அவர் சிங்க்கில் கை கழுவினார், ஆறுதலாக, இரண்டு முறை. வந்து இருந்து சோற்றைப் பிசைந்து ஒரு வாய் வைத்தார். நாங்கள் மூவரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"உப்புக் காணாது" என்றார்.

நான் எழுந்து உப்புச் சிரட்டையை எடுத்து நீட்டினேன். அவர் தன் கையைச் சட்டென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"மேசையில வையும்" என்றார். "உப்பைக் கையில தந்தால் பகை வரும்."

மேசையில் வைத்தேன். அவர் எடுத்துப் போட்டுக்கொண்டு சாப்பிட்டார்.